ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆண் புழு: சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குச் சாலைவழியே

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கொட்டாவி விட்டால் ஊர் வந்துவிடும். நான் போன ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை சாலைவழியே போனேன். பதின்மூன்று மணி இருபது நிமிடம் பிடித்தது. காரணம், ஒரு புழுவுக்கு மாப்பிள்ளை தேடவேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் கடல் கடந்த நாளிலிருந்து கண்டம் கண்டமாக மாப்பிள்ளை தேடியிருக்கிறார்கள். ஆனால் நாலு மில்லிமீட்டர் நீள மாப்பிள்ளையைத் தேடி எண்ணூற்று எழுபது கிலோமீட்டர் வாகனம் ஓட்டியவன் இந்தப் பூவுலகில் நான் ஒருவன்தான். மறுப்பவர்கள் பின்னூட்டத்தில் வரலாம்.

பெண் வீட்டாரை அறிமுகம் செய்துவிடுகிறேன். என் மனைவி வசந்தாவின் தங்கை சுகந்தி மிருக வைத்தியர். ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறாள். நாய் பூனைகளுக்கு ஊசி போட்டு நிம்மதியாக இருந்தவள், நாற்பத்து மூன்றாவது வயதில் வேலையை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கப் போனாள். படிப்பது வாலபியின் உடம்புக்குள் குடியிருக்கும் புழுக்களைப் பற்றி. வாலபி என்பது கங்காருவின் குள்ளமான ஒன்றுவிட்ட தம்பி. அதிலும் சதுப்பு வாலபி என்று கறுத்த முதுகும் செம்மண் நிற வயிறுமாக ஒன்று உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் வீதியில் அடிபட்டுக் கிடந்த அப்படி ஒன்றின் உணவுக்குழாயில், மடிப்புகளுக்குள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாயமைப்புடன் ஆறு புழுக்கள் அவளுக்குக் கிடைத்தன. ஆறும் பெண்.

இந்த உலகத்தில் ஆண்கள் எதற்கு என்று என் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு விஞ்ஞானம் ஒரு பதில் வைத்திருக்கிறது. இந்த வகைப் புழுக்களில் ஆணின் வால் நுனி சின்னக் குடைபோல விரிந்திருக்கும். குடையின் கம்பிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்து வரைந்தால்தான் இது புது இனம் என்று மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆண் இல்லையென்றால் பெயர் இல்லை. இரண்டு வருட உழைப்பு ‘இனம் தெரியாதது’ என்று ஒரு சீசாவில் கிடக்கும். சுகந்தியின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயமும் கிடையாது.

“பேர் இல்லாட்டி என்ன? அதுபாட்டுக்கு இருக்கட்டுமேன்” என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“பேர் இல்லாத ஒண்டு நோய் வருத்தம் குடுத்தாலும் ஆருக்கும் தெரியாது, அழிஞ்சு போனாலும் ஆருக்கும் தெரியாது, அத்தான்” என்றாள்.

சிக்கல் இதுதான். வீதியில் இறந்த வாலபியைத் தொட அவளுக்கு இருந்த அனுமதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு மட்டும். அதுவும் அந்த மாத முடிவோடு காலாவதி. புதுப்பிக்க மாதக்கணக்காகும், ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளோ அதற்கு முன்னால் நின்றது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெல்பேர்னில் ஓர் ஆய்வுகூடத்தில் பழைய புழு மாதிரிகளைப் பார்த்து ஒப்பிட நேரம் வாங்கியிருந்தாள். ஆறு மணப்பெண்களும் மதுசாரத்தில் (குடிக்கும் வகை இல்லை, விசாரித்துவிட்டேன்) மிதந்ததால் விமானத்தில் கொண்டுபோவது பெரிய வில்லங்கம். ஆகவே சாலை. சாலையில் ஆல்பரி ஊரைக் கடந்ததும் மரே ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விக்டோரியா மாநிலம். மாப்பிள்ளை கிடைப்பதென்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிடைக்கவேண்டும்.

சாரதி நான். இருபத்தெட்டு வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மூன்று கோடிப் பேரை ஏற்றி இறக்கியிருப்பேன். கணக்கு யாரும் சரிபார்க்க வேண்டாம்.

காலை 5.10க்கு எங்கள் சிட்னி வீடு இருக்கும் வென்ட்வேர்த்வில்லிலிருந்து புறப்பட்டோம். வசந்தா புட்டு, கட்டைச் சம்பல், பொரித்த கத்தரிக்காய், ஒரு சுடுதண்ணிப் போத்தலில் கொத்தமல்லித் தண்ணி என்று ஒரு படையணிக்குப் போதுமானதைக் கட்டித் தந்தாள். சுகந்தியின் சாமான்கள் பின்னால்: நீலத் தறப்பாள், கையுறைகள், தட்டுகள், சின்ன உருப்பெருக்கி, மஞ்சள் மேலங்கிகள், வாகனக் கூரையில் வைக்கும் சுழல் விளக்கு, அவளுடைய சுடுதண்ணிப் போத்தல். இந்தப் போத்தல்களைப் பற்றி ஒரு சொல். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் மலிவு விலையில் வந்தபோது வசந்தா ஒரேமாதிரி இரண்டு வாங்கி, ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்திருந்தாள். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

வெளிச்சம் வருமுன் ஹியூம் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டோம். மரூலன் வரை 150 கிலோமீட்டர். புல்லெல்லாம் உறைபனி. வாலபிகள் வீதியைக் கடப்பது அந்தியிலும் விடியலிலும்தான் என்பதால் விடிந்த கையோடு பார்ப்பது நல்லது. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் உள்ளே குடியிருப்பவர்களும் கரைந்துபோவார்கள்.

6.50க்கு முதல் நிறுத்தம். பெரிய சாம்பல் கங்காரு. நமக்கு உதவாது. ஆனாலும் சுகந்தி மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கி, குனிந்து, அதன் வயிற்றுப் பையைத் தடவிப் பார்த்தாள். பிறகு இளஞ்சிவப்புப் பெயின்றால் முதுகில் ஒரு குறுக்குக் கோடு போட்டாள்.

“மாப்பிள்ளை இதுக்குள்ள இல்லையெண்டு தெரியுமே. பிறகென்ன?”

“தாய் செத்தாலும் பைக்குள்ள குட்டி உயிரோட இருக்கும் அத்தான். கோடு போட்டால், ‘பாத்தாச்சு’ எண்டு பின்னால வாற ஆக்களுக்கு விளங்கும்.”

இரண்டாவது நிறுத்தம் கோல்பர்னுக்குச் சற்று முன்னால். இது சரியான சதுப்பு வாலபி. ஆனால் மூன்று நாள் பழசு. கதவைத் திறந்ததும் என் மூக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டது. அந்த வாசம் இன்னும் கான்பரா வரைக்கும் போய்க்கொண்டிருக்கும். சுகந்தி அதையும் பார்த்து, கோடு போட்டு, வந்து ஏறினாள்.

கோல்பர்னில் பெற்றோல் அடித்தேன்: 91 டொலர் 40. அதைத் தாண்டி ஒரு லொறித் தரிப்பிடத்தில் 8.15க்கு நிறுத்தி, அவள் கழிவறைக்குப் போன நேரத்தில் நான் தேத்தண்ணி போட்டேன். பின்னாலிருந்து கைக்கு அகப்பட்ட போத்தலைத் திறந்தேன். கொத்தமல்லி வாசம் இல்லை, வெறும் சுடுதண்ணி. வசந்தாவின் முன்யோசனையை மெச்சியபடி இரண்டு பக்கெற் தேயிலையைப் போட்டேன். பக்கத்தில் லொறியோடு நின்ற பஞ்சாபிப் பையனுக்கும் ஒரு கோப்பை நீட்டினேன். பெயர் குர்ப்ரீத், முப்பது வயதிருக்கும், மெல்பேர்னுக்குக் கட்டில் மெத்தைகள் கொண்டுபோகிறான்.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். “அங்கிள், உப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

நானும் குடித்தேன். உப்புத்தான். ஆனால் விருந்தாளி முன்னால் மனைவியை விட்டுக்கொடுக்க முடியுமா? “எங்கள் வீட்டு வழக்கம்” என்றேன்.

“காஷ்மீர்ப் பக்கம் இப்படிக் குடிப்பார்கள். நல்லா இருக்கு” என்று மிச்சத்தையும் குடித்தான். மரியாதைக்கு நான் இன்னொன்று ஊற்ற, அதையும் குடித்தான். அந்தப் பையனின் வளர்ப்பைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். திரும்பி வந்த சுகந்தி தனக்குத் தேத்தண்ணி வேண்டாமென்றுவிட்டு, தன் போனில் சதுப்பு வாலபியின் படத்தை அவனுக்குக் காட்டினாள். அவன் எங்கள் நம்பரை வாங்கிக்கொண்டு, வழியில் கண்டால் அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்திக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் போனான்.

கோல்பர்னிலிருந்து குண்டகாய் வரை ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். மேடும் பள்ளமுமாக அழகான பாதை என்று மற்ற வலைப்பூக்களில் எழுதியிருக்கும். எனக்குத் தெரியாது. நான் இடப்பக்கப் புல்லை மட்டும்தான் பார்த்தேன். குண்டுப் பன்றிபோல இரண்டு வொம்பாட், ஒரு நரி, ஒரு லொறி டயர். டயருக்காக ஒருமுறை பிரேக் போட்டேன். அதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

குண்டகாயில், “எல்லாத்துக்கும் வேளை எண்டு ஒண்டு இருக்கு, இந்தமுறை கிடைக்காட்டி...” என்று ஆரம்பித்தேன்.

“மரே ஆறு வரைக்கும் தேடுவம்” என்றாள் சுகந்தி, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல். “ஆறு வந்தால் வாகனத்தைத் திருப்புவம். திரும்பி வாற பக்கத்தையும் தேடுவம்.”

“பத்து மணிக்கு உனக்கு மெல்பேர்னில வேலை.”

“வெறுங்கையோட போய் என்னத்தை ஒப்பிடுறது? அந்தாக்களின்ர கதிரையில இருந்து பாத்திட்டு வாறதோ?”

11.05க்கு டார்கட்டாவில் புட்டுப் பொதியை அவிழ்த்தபோது போன் அடித்தது. குர்ப்ரீத். ஹோல்புரூக்குக்குப் பதினாலு கிலோமீட்டர் முன்னால், இடப்பக்கம், கறுப்பு, சின்னது, தன் கண்ணுக்கு இன்று காலையில் அடிபட்டதுபோலத் தெரிகிறது என்றான். “படத்தில் இருந்த அதே ஆள், அங்கிள்.” புட்டை அப்படியே மூடினேன். புட்டை மூடியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதே ஆள்தான். ஆண் வாலபி, பையில்லை, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மஞ்சள் மேலங்கியும் சுழல் விளக்குமாக அதைத் தறப்பாளில் சுற்றித் தூக்கி, ஒரு கிளைப் பாதைக்குள் இருநூறு மீட்டர் கொண்டுபோனோம். பதினைந்து கிலோ என்றாள் சுகந்தி. என் முதுகுத்தண்டு நானூறு என்றது. அங்கே மரத்தடியில் தறப்பாளை விரித்து அவள் கத்தியை எடுத்தாள். அதன் விபரத்தை விடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பவர்கள் இருக்கிறீர்கள். உணவுக்குழாயை நீளவாக்கில் திறந்து தட்டில் வைத்தபோது, மடிப்புகளுக்குள் மெல்லிய சேமியா நுனிகள்போலச் சில அசைந்தன. உயிரோடு.

“அத்தான், உப்புத்தண்ணிப் போத்தலைத் தாங்கோ.”

“எந்த உப்புத்தண்ணி?”

“என்ர போத்தல். சூடா உப்புத்தண்ணி கரைச்சு வச்சிருக்கிறன். அதை ஊத்தினால்தான் இதுகள் பிடியை விட்டு வெளியில வரும்.”

நான் வாகனத்தடிக்குப் போய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு துளி விழவில்லை. அடியில் அழகாக எழுதி ஒட்டியிருந்தாள்: உப்பு நீர், ஆய்வுக்கு. போத்தலின் அடியை யார் பார்ப்பார்கள்? இருபத்தெட்டு வருடத்தில் நான் பஸ்ஸின் அடியையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

“சுகந்தி, ஒரு சின்ன விசயம்.”

விசயத்தைச் சொன்னேன்.

“எத்தினை கோப்பை?”

“நாலு. ரெண்டு அந்தப் பெடியனுக்கு.”

கையுறை போட்ட இரண்டு கைகளையும் உயர்த்தியபடி வானத்தைப் பார்த்தாள். குளிர் காற்று அடித்தது. வாலபி ஆற ஆறப் புழுக்களும் ஆறும். ஹோல்புரூக்குக்குப் போய்ச் சுடுதண்ணி வாங்கிவர அரை மணிக்கு மேலாகும். குளிர்ந்த தண்ணீரில் கழற்றி, குளிர்ந்த மதுசாரத்தில் போட்டால் புழு முறுக்குப்போலச் சுருண்டுவிடும். வாலும் குடையும் உள்ளே சிக்கிவிடும், ஒன்றும் தெரியாது. சூடான மதுசாரத்தில் போட்டால்தான் நீட்டி நிமிர்ந்து, குடையை விரித்தபடி சாகும். இதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது பிற்பாடு. அப்போது கேட்டது ஒன்றுதான்: “அக்கான்ர கொத்தமல்லித் தண்ணியும் குடிச்சாச்சோ?”

“இல்லை. சத்தியமா இல்லை.”

“உப்பு?”

இந்த இடத்தில் சரித்திரம் என்னைக் கைதூக்கிவிட்டது. சாப்பாட்டுக் கடைகளில் இலவசமாக வைத்திருக்கும் உப்பு, சீனி, மிளகு, கைதுடைக்கும் கடதாசி எதையும் நான் விட்டுவிட்டு வருவதில்லை. என் வாகனத்தின் முன் பெட்டியைத் திறந்தால் ஒரு குட்டிக் குசினி, சமையலே செய்யலாம். வசந்தா பத்து வருடமாக அதைக் குப்பையில் கொட்டச் சொல்கிறாள். அள்ளிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொன்றிலும் ‘1 கிராம்’ என்று அச்சடித்திருந்தது.

“லீற்றருக்கு ஒன்பது கிராம். முன் சீற்றில கிடக்கிற குடிதண்ணிப் போத்தல் அரை லீற்றர். நாலரைப் பக்கெற்” என்றாள். நாலை உடைத்துக் கொட்டி, ஐந்தாவதைப் பாதியில் நிறுத்தினேன். கோயில் அன்னதானத்துக்கு உப்புப் போடும்போதுகூட நான் அப்படி அளந்ததில்லை.

புட்டுப் பாத்திரத்தைக் காலி செய்து, கழுவி, கொத்தமல்லித் தண்ணியை ஊற்றினோம். ஆவி பறந்தது. அதற்குள் உப்புத்தண்ணித் தம்ளர். பக்கத்திலேயே, அதே சூட்டில், மதுசாரச் சின்னச் சீசா. அவசரத்தில் முதல் புழுவை மதுசாரம் சூடேறுமுன் போட்டுவிட்டாள்; கண்முன்னே சுருண்டது. பல்லைக் கடித்தாள். மூன்று நிமிடம் பொறுத்தோம். எனக்கு அது ஒரு சனிப்பெயர்ச்சி. பிறகு வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை மடிப்புகளில் ஊற்ற ஊற்ற, ஒவ்வொருவராகப் பிடியை விட்டார்கள். மெல்லிய ஊசியால் தூக்கி, உருப்பெருக்கியில் பார்த்து, சூடான சீசாவில் இட்டாள். மொத்தம் பதினாறு. பெண் பதின்மூன்று, ஆண் மூன்று.

“மூண்டு மாப்பிள்ளை” என்றேன்.

“மூண்டு ஆண். மாப்பிள்ளையோ எண்டு வாயைப் பாத்தால்தான் தெரியும். இதுக்குள்ள வேற இனங்களும் இருக்கும்.”

சின்னக் கடதாசித் துண்டில் பென்சிலால் ஏதோ எழுதி ஒவ்வொரு சீசாவுக்குள்ளும் போட்டாள். வெளியே ஒட்டாமல் உள்ளே ஏன் போடுகிறாய், பேனா இல்லையா என்று கேட்டேன். மை மதுசாரத்தில் கரைந்துவிடுமாம், பென்சில் கரையாதாம். வாலபியைக் காட்டோரம் கிடத்தி, முதுகில் கோடு போட்டு, கையெல்லாம் மூன்று தடவை கழுவி, 1.40க்குக் கிளம்பினோம்.

கடலே இல்லாத ஹோல்புரூக்கின் பூங்காவில் முழு நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பாதி நிற்கிறது. பார்க்க இலவசம். கட்டாயம் பாருங்கள். கடைத்தெருவில் மரக்கறிப் பேஸ்ட்ரி 7 டொலர் 50. புட்டு போனதால் நான் மூன்று சாப்பிட்டேன். 2.50க்கு மரே ஆற்றைக் கடந்தோம். இமயத்தில் கொடி நட்டவன்போல நான் ஹோர்ன் அடித்தேன். சுகந்தி பின்னால் திரும்பிச் சீசாப் பெட்டியைப் பார்த்தாள். 6.30க்கு மெல்பேர்ன் புறநகரான டாண்டினோங்கில் வசந்தாவின் சிநேகிதி வீடு. படுக்கை, தோசை இலவசம்.

வெள்ளி காலை பத்து மணிக்கு அந்த ஆய்வுகூடம். மாதிரிகளுக்குப் பொறுப்பான அம்மையார் வெள்ளைத் தலைமுடியோடு, பேசினால் காசு செலவாகும் என்பதுபோல இருந்தார். புழுக்களைக் கண்ணாடிபோலத் தெளியவைக்கும் திரவத்தில் ஊறவைக்க ஒரு மணி நேரம். நான் ஒரு மூலையில், திரையைப் பார்த்தபடி.

முதலாமவர் சுருண்டவர். வாய்கூடத் தெரியவில்லை. இரண்டாமவர் நேராக, கம்பீரமாக இருந்தார். அம்மையார் பத்து வினாடி பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். ஏற்கெனவே பெயருள்ள இனம். சுகந்தி “யெஸ்” என்று மட்டும் சொல்லி, மூன்றாவது கண்ணாடித் துண்டை வைத்தாள்.

திரையில் வாய் வந்தது. பக்கத்துத் திரையில் ஆறு மணப்பெண்களில் ஒருத்தியின் வாய். எனக்கே விளங்கியது, ஒரே அச்சு. சுகந்தி மெல்ல வால் பக்கம் நகர்த்தினாள். நேராக நீண்டு, நுனியில் குடை முழுசாக விரிந்து, கம்பி கம்பியாக எண்ணலாம்போல இருந்தது. இருவரும் எண்ணினார்கள். அலுமாரியிலிருந்து பழைய மாதிரிகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. பன்னிரண்டரைக்கு அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இவரை நான் இதற்குமுன் சந்தித்ததில்லை” என்றார்.

சுகந்தி கதிரையில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைத் தீவிரமாக ஆராய்ந்தேன்.

பிறகு பதிவுப் புத்தகம். அம்மையார் சீசாவுக்குள் இருந்த பென்சில் கடதாசியை இடுக்கியால் எடுத்து உரக்க வாசித்தார்: சதுப்பு வாலபி, ஆண். உணவுக்குழாய். ஹோல்புரூக்குக்கு வடக்கே பதினாலு கிலோமீட்டர். திகதி. சேகரித்தவர்கள்... அவளுடைய பெயர், பிறகு என் பெயர். என் பெயரை அம்மையார் தட்டுத் தடுமாறி வாசித்தார். மாப்பிள்ளை உள்ளே இருக்கிறாரா என்று தெரியாமலேயே, நான் அவளுடைய உப்புத்தண்ணியைக் குடித்து முடித்திருந்த அந்த மத்தியானத்தில், மரத்தடியில் எழுதியது அது. வழியெல்லாம் இந்தப் புழுவுக்கு என் பெயரை வை என்று நச்சரித்துக்கொண்டு வந்தவன் நான்.

மரபணுச் சோதனை முடிவு எட்டு வாரம் கழித்து வந்தது. அவரும் அந்த ஆறு பேரும் ஒரே இனம். கடைசி அத்தியாயம் எழுதியாகிவிட்டது. புழுவின் பெயரை அச்சில் வரும்வரை சொல்லக் கூடாது. என் பெயர் இல்லை என்பதை மட்டும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். செய்முறைப் பகுதியில் ‘சூடான நீர்த்தொட்டி’ என்று எழுதியிருக்கிறாள். கொத்தமல்லி என்று சேர்க்கச் சொல்லி இன்னும் போராடுகிறேன்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வென்ட்வேர்த்வில்லிலிருந்து டாண்டினோங் வரை பெற்றோல் இரண்டு தடவை, மொத்தம் 168 டொலர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். குளிர்காலத்தில் விடியலிலும் அந்தியிலும் வேகத்தைக் குறையுங்கள். புழு ஆராய்ச்சிக்கு வாலபி சப்ளை செய்யவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அடிபட்ட விலங்கைக் கண்டால் அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி வனவிலங்கு மீட்பு ஆட்களைக் கூப்பிட்டு, எந்த இடம் என்று சொல்லுங்கள். பைக்குள் குட்டி இருக்கலாம். முதுகில் இளஞ்சிவப்புக் கோடு இருந்தால் யாரோ ஒருவர் உங்களுக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டார்.

தரிப்பிடத்தில் பக்கத்து லொறிக்காரருக்குத் தேத்தண்ணி கொடுங்கள். கொடுக்கும்முன் போத்தலின் அடியைப் பாருங்கள். கடை உப்புப் பக்கெற்றுகளை வீசாதீர்கள்; எங்கள் வீட்டில் இப்போது வசந்தாவே கொண்டுவந்து முன் பெட்டியில் வைக்கிறாள். அதே பெட்டியில், சீசாவுக்குள் போடும் கடதாசியில் பெயர் எழுத ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் பார்க்கிறேன், முனை கூராகத்தான் இருக்கிறது.